நடுத்திடல்

குடும்ப வாட்சப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டது நான்தான். 2024 ஆகஸ்ட். விமல் யோகநாதன் என்கிற பதினெட்டு வயதுப் பையன், பார்ன்ஸ்லி என்ற குழுவுக்காக லீக் கோப்பை ஆட்டமொன்றில் இறங்கியிருந்தான். இங்கிலாந்தின் தொழில்முறைக் காற்பந்தில் ஆடிய முதல் தமிழன் என்று செய்தி சொன்னது. இலங்கைத் தமிழ்க் குடும்பம். வட வேல்ஸில் வளர்ந்தவன். சிறுவனாக இருந்தபோது லிவர்பூலின் அகாடமியில் பயிற்சி பெற்று, பிறகு பார்ன்ஸ்லிக்கு வந்தவன். மத்தியத் திடல் ஆட்டக்காரன். மூன்று நெருப்புப் படங்களைச் சேர்த்து அனுப்பிவிட்டு ரயிலில் ஏறிவிட்டேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது குழு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை, "யாரு வீட்டுப் புள்ள, யாழ்ப்பாணமா?" என்று கேட்டிருந்தார். சித்தப்பா ஒரு முழு வரிக்குக் கைதட்டியிருந்தார். அப்பாவுக்கு எழுத்து வராது, குரல் பதிவுதான். பதினான்கு விநாடி. "பாத்தீங்களா, முயற்சி பண்ணா முடியும். நம்ம பையனும் கொஞ்சம் பொறுத்து இருந்திருந்தா..." அதோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே சின்னச் சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி. அண்ணன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

அண்ணனும் மத்தியத் திடல் ஆட்டக்காரன்தான். ஆடிக்கொண்டிருந்தவரை.

எங்கள் ஊர் கோலா கிளாவாங். சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலையேறி இறங்கினால் வரும். ஜெலுபு மாவட்டத்தின் தலைநகர் என்றால் ஏதோ பெரிய ஊர்போலத் தோன்றும். ஒரு கடைத்தெரு, மார்ட்டின் லிஸ்டர் என்ற வெள்ளைக்கார ரெசிடெண்டுக்கு ஒரு நினைவுச்சின்னம், மலாய்க்காரர்களின் அடாட் பற்றிய அருங்காட்சியகம், விடியற்காலையில் பனி. அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஈயம் தோண்டினார்கள். பிறகு ரப்பர். இப்போது பார்க்குமிடமெல்லாம் செம்பனை. நாங்கள் பிறந்த தோட்டத்தில் லயங்களை இடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பம் தாமானுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது, அதன் பக்கத்தில் திடலும்.

அந்தத் திடல் சமமாக இருக்காது. கோயில் பக்கம் மேடு, ஓடைப் பக்கம் பள்ளம். டாஸ் ஜெயித்தவன் முதல் பாதியில் மேட்டை நோக்கி ஆடுவான். களைத்த பிறகு இறக்கத்தில் ஓடலாம் என்று கணக்கு. தண்ணீர்க் குழாய்களை ஒட்டவைத்து கோல் கம்பம். வலை கிடையாது. பந்து செம்பனைக் காட்டுக்குள் போனால் யார் எடுப்பது என்பதில்தான் பாதிச் சண்டை, பாம்பு பயம். ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும். நான் மைலோ டின்னில் தண்ணீர் வைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். என் வேலை அதுதான்.

தோட்டத்து ஆட்டத்தில் யாரும் நடுவில் நிற்க ஆசைப்படமாட்டார்கள். முன்னால் நின்றால் கோல் அடிக்கலாம். பின்னால் நின்றால் ஆளை உதைக்கலாம். நடுவில் நிற்பவனுக்கு ஓட்டம்தான் மிச்சம். பதின்மூன்று வயதில் அண்ணனை அங்கே நிறுத்தினார்கள், சின்னப் பையன் என்பதால், வேறு இடம் இல்லாததால். ஆறு மாதத்தில் அவன் இல்லாமல் பெரியவர்கள் ஆட்டம் தொடங்கவில்லை. ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் மரத்தடியில் நாற்காலி போட்டுப் பார்ப்பார். அவர் ஒருமுறை அப்பாவிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஒம் மவன் எறங்குனா நம்ம பசங்க கத்த மாட்டேங்கிறானுங்க, கவனிச்சியா?"

கவனித்தேன். உண்மைதான். மற்ற நாட்களில் "டேய் குடுடா, இங்கடா" என்று திடல் முழுக்கக் கூச்சல். அண்ணன் இருந்தால் கேட்பதற்கு முன்னாலேயே பந்து வந்துவிடும். கத்துவதற்கு ஏதுமில்லை. ஆட்டம் முடிந்ததும் கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். அண்ணன் என்னிடம் வந்து டின்னை வாங்கி, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வான்.

2010 டிசம்பரில் சுசுகி கோப்பை. புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3–0. பயிற்றுநர் கே. ராஜகோபால். நெகிரி செம்பிலானில் ஆடிக்கொண்டிருந்த எஸ். குணாளன் அந்தக் குழுவில் இருந்தார். ஒட்டுக்கடையில் பெரிய திரை கட்டி, சீனர் மலாய்க்காரர் தமிழர் என்று எல்லாரும் ஒன்றாக நின்று பார்த்தோம். அடுத்த ஆண்டு நெகிரி மலேசியக் கிண்ணத்தையும் தூக்கியது. 2009க்குப் பிறகு இரண்டாவது தடவை. அந்த வருடம் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாருக்கும் குணாளன் பைத்தியம். கோட்டோரமாக விழுந்தடித்து ஓடுவார்கள். அண்ணனுக்குப் பதினைந்து வயது. மாநில இளையோர் பயிற்சிக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பயிற்சி சிரம்பானில், வாரத்துக்கு மூன்று மாலை. போக ஒரு மணி நேரம். போவதற்குப் பள்ளி முடிந்ததும் பேருந்து உண்டு. திரும்பி வரத்தான் இல்லை. பயிற்சி முடிவதற்குள் கடைசிப் பேருந்து மலையேறிவிடும். அப்பா கப்சாயில் போய்க் கூட்டி வருவார். புக்கிட் தங்காவின் வளைவுகளை இரவில், மழையில், பனியில் கப்சாயில் கடந்தவர்களுக்குத் தெரியும். அப்பா விடியற்காலை பெரட்டுக்கு நிற்க வேண்டும். நான்கு மாதம் ஓடியது. ஒருநாள் வளைவொன்றில் வண்டி சறுக்கி, இருவரும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினார். யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் அண்ணன், "பயிற்சி முடிஞ்சிரிச்சு" என்றான். முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

வட வேல்ஸிலிருந்து லிவர்பூலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். வரைபடத்தில் பார்த்தேன். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை தனியாகப் போயிருக்க முடியாது. வாரம் தவறாமல், வருடக்கணக்கில், யாரோ ஒரு பெரியவர் காரோட்டியிருக்க வேண்டும். செய்தியில் இது ஒரு வரி. அந்த ஒரு வரியில் எத்தனை இரவு உணவு ஆறிப்போயிருக்கும்! கார் இருந்தது, சாலை நேராக இருந்தது என்று சொல்லி அந்தப் பையனின் உழைப்பைக் குறைக்க நான் வரவில்லை. கார் இருந்த எல்லாரும் அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆனால் அப்பாவின் பதினான்கு விநாடியைக் கேட்டபோது எனக்குக் கப்சாயின் சத்தம்தான் கேட்டது.

அண்ணன் விட்டுவிடவில்லை, இதையும் சொல்ல வேண்டும். இருபத்தொரு வயதில் நாட்டின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ஒரு குழுவில் ஒப்பந்தம் கிடைத்தது. 2017. குழுவின் பெயர் வேண்டாம். மாதம் 1,800 வெள்ளி, தங்க அறை, மதியச் சாப்பாடு. அதே ஆகஸ்ட்டில் சீ விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில், ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கும்போது, இந்தோனேசியாவுக்கு எதிராக என். தனபாலன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். மலேசியா இறுதிக்குப் போனது. தனபாலன் அண்ணன் வயதுக்காரர்தான். அன்றிரவு அண்ணன் போனில் என்னிடம் கத்தியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் கத்தியதில்லை. "பாத்தியா அந்த கோல? கிராஸ் எங்கேர்ந்து வந்துச்சு பாத்தியா?" கோலை விட்டுவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஆள் அவன்.

இரண்டு பருவம் ஆடினான். இரண்டாவது பருவத்தில் சம்பளம் தாமதமானது. முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம், பிறகு கேட்டால் எரிச்சல். நம் நாட்டுக் காற்பந்தைப் பார்ப்பவர்களுக்கு இது புதிய கதை இல்லை. சம்பள பாக்கி என்ற சொல் விளையாட்டுப் பக்கத்தில் கோல் எண்ணிக்கை போல வந்துகொண்டே இருக்கும். அண்ணனுக்கு நான்கு மாதப் பாக்கி. வாடகைக்கு என்னிடம் கேட்டான், நான் அப்போது கல்லூரி மாணவி. பி.டி.பி.டி.என். கடனிலிருந்து 300 வெள்ளி அனுப்பினேன். திருப்பித் தந்துவிட்டான், அது வேறு விஷயம்.

பிறகு அதற்கும் கீழே, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கும் குழுக்கள். பகலில் நீலாயில் ஒரு தொழிற்சாலை, இரவில் பயிற்சி. 2022 பருவத்தோடு இரண்டாம் டிவிஷனே போய்விட்டது. 2004இல் தொடங்கிய பிரீமியர் லீக்கை எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு மேலே சூப்பர் லீக் மட்டும் என்றார்கள். அதே 2022 முடிவில் பி.ஜே. சிட்டியும் விலகிக்கொண்டது. அண்ணன் அங்கே ஆடியதில்லை. ஆனாலும் அது விலகிய செய்தியை அவன்தான் எனக்கு அனுப்பினான். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாக, மிஃபா என்ற பெயரில் தொடங்கி, 2017இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறி, பெயர் மாறி, 2019இல் சூப்பர் லீக்குக்கே போன குழு. தோட்டத்துப் பையன் ஒருவன், "அங்க போய் டிரை பண்ணுவோம்" என்று சொல்லக்கூடிய ஒரு வாசல் இருந்தது. 2023இல் மேலே ஒரு மாடி. கீழே தரை. நடுவில் படிக்கட்டைக் காணோம்.

இப்போது அண்ணன் சிரம்பானில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இருபத்தெட்டு வயது. குழுவிலிருந்து வெளியேறிய பிறகு ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. போன் செய்தால் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவான். வேலையாகத்தான் இருந்திருப்பான்.

அந்த ஒரு மாதத்தில் நான் பார்ன்ஸ்லியைப் பற்றிப் படித்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. தவறு செய்தவர்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதுபோல ஏதோ ஒன்று. தென் யார்க்‌ஷயரின் நிலக்கரி ஊர். 1887இல் தொடங்கிய குழு. 1912இல் எஃப்.ஏ. கோப்பை. மேல் டிவிஷனில் மொத்தமே ஒரு பருவம், 1997–98. சுரங்கங்கள் மூடிவிட்டன, ஓக்வெல் என்கிற அரங்கு இருக்கிறது. கென் லோச்சின் 'கெஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஊர் தெரியும். பள்ளிக்கூடத் திடலில் உடற்பயிற்சி ஆசிரியரே ஆட்டக்காரராகவும் நடுவராகவும் நின்று பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும் அந்தக் காட்சி! நான் பல்கலைக்கழகத் திரைப்படக் கழகத்தில் பார்த்துச் சிரித்தது, இந்த ஊர்தான் என்று தெரியாமல். ஈயம் தீர்ந்த ஊர்க்காரிக்கு நிலக்கரி தீர்ந்த ஊரைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறொன்று. இந்தக் குழு மூன்றாம் டிவிஷன். மேலே 20 குழு, அதற்குக் கீழே 24, 24, 24. மொத்தம் 92. கீழே இருக்கிற 72 குழுவும் பருவத்துக்கு 46 லீக் ஆட்டம் ஆடுகின்றன. அவற்றின் கீழும் டிவிஷன்கள் அடுக்கடுக்காகப் போகின்றன. ஆட்டக்காரர்களுக்கு 1907இலிருந்து ஒரு தொழிற்சங்கம் இருக்கிறது. அங்கும் குழுக்கள் திவாலாகின்றன, சம்பளம் நிற்கிறது. சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாம் டிவிஷனில் நடுத்தரமாக ஆடி, சில நாள் உள்ளே சில நாள் பெஞ்சில் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டி, முழங்கால் போனதும் நிறுத்திவிட்டு வேறு தொழில் பார்க்கிற ஆள் அங்கே உண்டு. அவனை யாரும் தோற்றவன் என்று சொல்வதில்லை. அவன் காற்பந்துக்காரன். அதுதான் அவன் செய்த வேலை.

நம்மிடம் அந்தச் சொல் இல்லை. நம் நினைவில் இருப்பவர்களைப் பாருங்கள். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். 1980 ஏப்ரலில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற குழுவின் கோல்காவலர். புறக்கணிப்பால் மாஸ்கோ போகவில்லை. 1988இல் கார் விபத்தில் இறந்தார். 'ஓலா போலா' பார்த்து அழாத தமிழ் வீடு எங்கள் பக்கம் இல்லை. பிறகு ராஜகோபால், குணாளன், தனபாலன். எல்லாரும் நாட்டுக்காக ஆடியவர்கள், அல்லது நாட்டுக் குழுவை நடத்தியவர்கள். அவர்களுக்கும் தோட்டத்துத் திடலுக்கும் நடுவே எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள், சம்பளம் வாங்கியும் வாங்காமலும். அவர்களைப் பற்றிச் சொல்ல நம்மிடம் இருப்பதெல்லாம் ஒரே வாக்கியம். "நல்லாத்தான் ஆடுனான், என்னமோ போச்சு."

முதல் தமிழன் என்று நான் நெருப்புப் படம் போட்டதும் அந்தப் பழக்கத்தில்தான். அந்தப் பதினெட்டு வயதுப் பையன் மூன்றாம் டிவிஷனில் பந்தைப் பக்கத்து ஆளுக்குச் சரியாகக் கொடுத்துவிட்டு நல்ல இடத்தில் போய் நிற்க வேண்டும், அவன் வேலை அது. நான் அவனை எடுத்து என் அண்ணன் தலையில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18 காலை. அண்ணனிடமிருந்து ஒரு செய்தி. "உன் பார்ன்ஸ்லி ஏழு."

ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். முந்தைய இரவு, நம் நேரத்துக்கு விடியற்காலை, லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 7–0. ராஷ்ஃபோர்ட் இரண்டு, கர்னாச்சோ இரண்டு, எரிக்சன் இரண்டு, அந்தோணி ஒரு பெனால்டி. உடனே போன் செய்தேன். எடுத்தான்.

"பாத்தியா மேட்ச?"

"ஹைலைட்ஸ்தான். ஏழு கோலு, வேற என்னா காட்டுவான்? உன் பையன எங்க தேடுறது?" கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தான். பின்னால் லாரிச் சத்தம். "ஹைலைட்ஸ்ல நடுவுல நிக்கிறவன் எப்பவும் தெரிய மாட்டான் லா. தெரிஞ்சா தப்பு பண்ணியிருக்கான்னு அர்த்தம்."

"சாரி ணே" என்றேன்.

"எதுக்கு?" என்றான். பிறகு, "சரி சரி, வண்டியில இருக்கேன்."

அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. நான் முதல்நாள் மாலை மலையேறி வந்து சேர்ந்தேன். அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் உட்கார்ந்து பழைய கப்சாயின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், அதை யாரும் ஓட்டுவதில்லை என்றாலும். அண்ணன் கூடத்தில் தரையில் படுத்திருந்தான், போனைச் சுவரில் சாய்த்துவைத்து. எட்டிப் பார்த்தேன். விமல் யோகநாதன் ஆடும் துண்டுப் படம் ஒன்று, யாரோ தொகுத்தது. அவன் தேடித்தான் எடுத்திருக்க வேண்டும். நான் பார்த்ததும் போனைத் திருப்பிவிடவில்லை.

"இங்க உக்காரு. பந்த பாக்காத."

"பந்த பாக்காம எத பாக்குறது?"

"தலைய பாரு."

விரலால் படத்தைப் பின்னால் இழுத்தான். பந்து திரையின் ஓரத்தில் வேறு யாரிடமோ இருந்தது. நடுவில் நிற்கிற பையன் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு மறுபக்கம். அதன் பிறகுதான் பந்து வந்தது. ஒரே தொடுதலில் அது வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான் முன்பு இதே படத்தைப் பார்த்திருந்தால் அந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லியிருப்பேன்.

"இந்தத் தலை திருப்புறத எண்ணுறதுக்குன்னே ஒரு நார்வேக்காரன் இருக்கான்," என்றான் அண்ணன். கெய்ர் யோர்டெட் என்கிற ஆய்வாளர், பெரிய ஆட்டக்காரர்கள் பந்து வருவதற்கு முன்னால் எத்தனை முறை சுற்றிப் பார்க்கிறார்கள் என்று எண்ணியவர். சாவி, லம்பார்ட் எல்லாரையும். பார்சல் வேனில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. "நம்ம திடல்ல நான் எதுக்கு பாப்பேன் தெரியுமா? மேடு எந்தப் பக்கம்னு. பள்ளத்துப் பக்கம் குடுத்தா பந்து ஓடிரும்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நான் பேச்சை மாற்றலாமா என்று யோசித்தேன். அவர் மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எதுல இருக்கான் அந்தப் பையன்?"

அண்ணன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். படத்தை மறுபடியும் பின்னால் இழுத்தான்.

"பந்த பாக்காதீங்கப்பா," என்றான். "இந்தா, இவன்."